கப்பல் ஏறும் முன் நீ கொடுக்க வேண்டிய தந்தி

அருளு,

நீ கப்பல் ஏறப்போகிறவன் என்று இந்த ராயபுரத்திலேயே முதலில் சொன்னவன் நான்தான். அதுவும் நீ பிறந்த அன்றைக்கே சொன்னேன். உள்ளே நீ முதல் குரல் எடுக்கவும் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதவும் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த உன் அப்பாவின் தோளில் தட்டி, "மச்சான், இவன் தரையில நிக்கிற ஆளு இல்ல, தண்ணி மேல போறவன்" என்றேன். "கப்பலு தெனம்தான் ஊதுது, சும்மா கெட" என்றார் அவர். தினமும் ஊதும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மூன்று முறை ஊதியது. லண்டன் என்று சொன்னதும் நான்தான், கப்பல் எஞ்சின் படிப்பு என்று சொன்னதும் நான்தான். பாஸ்போர்ட் லேசில் வராது என்றும், உனக்கு இடம் நிச்சயம் கிடைக்கும் என்றும் நான் சொல்லி ஊரில் கேட்காத காது இல்லை. எல்லாம் சொன்னபடியே நடந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இது பம்பாய் மாட்டுங்காவில் நீ தங்கியிருக்கிற இடத்தில் உன் கைக்கு வரும்போது அங்கிருந்து உன் கப்பல் புறப்பட இன்னும் நாலைந்து நாள் இருக்கும். வந்த அன்றைக்கே, சாப்பாட்டைக்கூட அப்புறம் பார்த்துக்கொள், தபாலாபீசுக்குப் போய் உன் காலேஜ் விடுதி வார்டனுக்கு ஒரு தந்தி கொடு. கப்பலின் பெயர், லண்டன் போய்ச் சேரும் நாள், துறைமுகத்துக்கு ஆள் வரவேண்டும், தங்க இடம் வேண்டும், இவ்வளவுதான். பங்குச் சாமியார் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். ஓர் எழுத்தும் மாற்றாதே. சூசை மாமாதான் துறைமுகத்துக்கு வரப்போகிறாரே, பிறகு எதற்குத் தந்தி என்று உனக்குத் தோன்றும். அவன் வருவான். ஆனால் அவனுக்குக் கொஞ்ச நாளாகக் கால் வீக்கம். அந்த ஊர்க் குளிரில் வீங்கின காலோடு மணிக்கணக்கில் நிற்க முடியாது அல்லவா. ஆகையால் தந்தி.

சூசையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னோடு மூட்டை தூக்கின தோஸ்து, கப்பலில் சமையல்காரனாகப் போய் லண்டனிலேயே இறங்கிக்கொண்டவன், பன்னிரண்டு வருஷமாக எனக்குக் கடிதம் போடுகிறவன். நீ சோறு தின்ற நேரத்தைவிட அவன் கடிதத்தை நான் சொல்லக் கேட்ட நேரம் அதிகம். தேம்ஸ் ஆற்றுப் பாலம் இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழி விடுவதும், பனி மூட்டத்தில் கைவிளக்கோடு பஸ்ஸுக்கு முன்னால் ஆள் நடப்பதும், சூசை வைத்த மீன் குழம்பை ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் தட்டை நக்கிச் சாப்பிட்டதும் உனக்கு மனப்பாடம். அந்த நம்பிக்கையில்தான் காலேஜ் அனுப்பின ஃபாரத்தில் நீ அப்படி எழுதினாய்.

நீ எழுதினாய் என்று சொல்வதே தப்பு. எழுத வைத்தவன் நான். காலேஜிலிருந்து உறை வந்த அன்று சாயங்காலம் நீ ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாய். கப்பல் துறைக்கு வந்து அழைத்துப்போக ஆள் வேண்டுமா என்று ஒரு கேள்வி. முதல் மாதம் விடுதியில் இடம் வேண்டுமா என்று இன்னொன்று. "வேண்டும்" என்று எழுத நீ பேனாவைத் திறந்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா நைனா, சூசை கீறப்போ எவனோ ஒரு தொரை வந்து ஒன்ன இட்டுகினு போவணுமா? கேள்விப்பட்டா அவன் பேஜாரா பூடுவான்."

"ரெண்டு பேரும் வந்தா இன்னா மாமா கெட்டுப்பூடும்?"

"மருவாதி கெட்டுப்பூடும்."

அடுப்படியிலிருந்து உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "மாமா சொல்றத கேளுடா. அத்தினி தூரத்துல நம்ம ஆளு கையால ஒரு வாய் சோறு கெடைக்கும்னா வுடுவியா?" நீ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விக்கும் "வேண்டாம்" என்று எழுதினாய். முத்து முத்தான எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். இப்போது அதே எழுத்து கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

உன் பாஸ்போர்ட் ஒரு மாதம் தள்ளிப்போனதற்குச் சர்க்காரைத் திட்டினாய். சர்க்காரைத் திட்டாதே, என்னைத் திட்டு. விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன். நீ வீட்டில் இல்லை. நான் துறைமுகத்து மேஸ்திரி என்று சொல்லி, சர்பத் கொடுத்து உட்கார வைத்தேன்.

"பையன் எப்பிடி?" என்று கேட்டார்.

"பையனா சார்? அவன் வாயத் தொறந்தான்னா ஆர்பர்ல அம்மாம் பேரும் வேலைய வுட்டுட்டு நின்னு கேப்பான்."

எழுதிக்கொண்டிருந்தவர் பென்சிலை நிறுத்தினார். "வேலைய வுட்டுட்டா?"

"ஆமா சார். கிரேன் அப்பிடியே அந்தரத்துல நிக்கும்."

"மேஸ்திரி, நெசமாத்தான் சொல்றியா?"

"என் கண்ணால பாத்தேன் சார்."

அவர் சர்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். நீ துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தூண்டுகிறவன் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. நீ நாலு தடவை அலைந்தாய். ஐந்தாவது தடவை நானே போய், என் அக்கா மகன் துறைமுகத்துக்குள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, வீட்டிலும் அதிகம் பேசமாட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கே நான் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் வாயால் சொல்வதைச் சிலர் எழுதிக்கொள்கிறார்கள், சிலர் நம்பி நடக்கிறார்கள். நீயாவது அங்கே கேட்டதற்கு மட்டும் பதில் சொல். துறைமுகத்தில் இறங்கியதும் காகிதம் பார்க்கிற அதிகாரி, எதற்கு வந்தாய் என்றால் படிக்க வந்தேன் என்று சொல், அதோடு நிறுத்து. எங்கே தங்கப்போகிறாய் என்றும் கேட்பார்களாம். அதனால்தான் தந்தி என்கிறேன். பதில் வந்தால் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வை.

பாஸ்போர்ட்டு, அம்மை குத்தின சர்ட்டிபிகேட்டு, காலரா ஊசிச் சீட்டு, காலேஜ் கடிதம் நான்கும் கோட்டின் உள்பையிலேயே இருக்கட்டும். ஊசி போட்ட இடத்தில் நான் உனக்குத் தைரியம் சொல்ல முன்னால் போய் நின்று போட்டுக்கொண்டேனே, அப்போது நான் மயங்கிக் கீழே விழுந்தது வெயிலால். கோட்டைப் பெரிய பெட்டியில் வைத்துவிடாதே, அதைக் கையோடேயே வைத்துக்கொள். பெரிய பெட்டி கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும், லண்டன் வரை அதைத் தொட முடியாது. ஏடன் வரை உனக்கு வேர்த்துக்கொட்டும், இந்தக் கோட்டு எதற்கு என்று எரிச்சல் வரும். சூயஸ் தாண்டினதும் என்னை நினைத்துக்கொள்வாய். நான் கடல் தாண்டினதில்லை, ஆனால் தாண்டி வந்தவன் அந்தக் குளிரில் பல்லு கிட்டிப்போனதைச் சொல்ல முப்பது வருஷமாகக் கேட்கிறேன். மூர் மார்க்கெட்டில் அந்தக் கோட்டை நான் எடுத்தபோது பட்டாளத்துக் கோட்டு என்று முகம் சுளித்தாய். முதுகுப்பக்கம் இருக்கிற ஓட்டை பூச்சி அரித்தது என்றாய். அது குண்டு துளைத்த ஓட்டை. போட்டிருந்தவன் பிழைத்துவிட்டான் என்று கடைக்காரர் சொன்னார், அல்லது சொல்ல இருந்தார்.

பெட்டியில் நான் வர்ணம் அடித்ததற்கு உனக்கு இன்னும் கோபமிருக்கிறது, தெரியும். மற்றப் பிள்ளைகள் பெட்டியில் பெயரை மட்டும் எழுதுவார்கள். நான் எங்கள் சரக்குக்குப் போடுகிற மாதிரி பெரிய டைமண்டுக் கட்டம் போட்டு, நடுவில் உன் பேரின் முதலெழுத்தைப் போட்டு, கீழே லண்டன் என்று எழுதி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டு, கொக்கி மாட்டாதே என்று இங்கிலீஷில் அச்சுத் தகடு வைத்து அடித்தேன். ஈரம் காய்வதற்குள் நீ வந்து பார்த்துவிட்டாய்.

"மாமா, நான் இன்னா சரக்கா?"

"சரக்குதான் கண்ணு. நம்ம வூட்ல இருந்து ஏத்துமதி ஆவுற ஒரே சரக்கு."

"காலேஜ்ல சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டும். ஆயிரம் பொட்டி நடுவுல ஒம் பொட்டிய ஒரு கூலி தூரத்துல இருந்தே கண்டுக்குவான். பேரு படிக்கத் தெரியாதவனுக்கும் டைமண்டு தெரியும்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. பெயரை நம்பி அனுப்பின பெட்டிகள் வேறு துறைமுகத்துக்குப் போய் மக்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கொக்கி மாட்டிக் கிழித்த மூட்டைகளையும் பார்த்திருக்கிறேன். இறங்கினதும் பெட்டியின் நாலு மூலையையும் தடவிப் பார், விரிசல் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல். உள்ளே ஈயம் வைத்து அடைத்த இரண்டு டப்பா இருக்கிறது. சின்னது எலுமிச்சை ஊறுகாய், பெரியது நெத்திலிக் கருவாடு. பெரியதைத் திறப்பதற்கு முன் ஜன்னலைத் திற. கூட இருக்கிற பையன் நல்லவனா என்று தெரிந்த பிறகு திற.

முள்ளும் கத்தியும் பிடிக்க நான் கற்றுக்கொடுத்ததை அங்கே போய் யாரிடமும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர வறுவலை நடுவில் வைத்து, இடது கையில் முள், வலது கையில் கத்தி என்று நான் ஆரம்பித்ததும் துண்டு எகிறி உன் அம்மா மடியில் விழுந்தது. "இன்னாடா இது, மீனுக்கு ஆப்ரேசனா? அது செத்து ரெண்டு நாளாச்சி" என்றாள் அவள். நீ எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாய். அங்கே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சாப்பிடு. தெரியாததைத் தெரியாது என்று சொல். இந்தப் புத்தியை நான் உனக்குச் சொல்வது எவ்வளவு வேடிக்கை என்று எனக்கே தெரிகிறது.

தந்தி கொடுத்துவிட்டாயா? இதுவரை படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எழுந்து போ. சூசைக்குக் கால் வீக்கம் மட்டுமில்லை, அவன் வேலை செய்கிற கப்பல் கம்பெனி அந்த வாரம் பார்த்து அவனை வெளியூருக்கு அனுப்பினாலும் அனுப்பும்.

உன் டிக்கெட் வந்த மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நான் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். வார்டனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், "வேண்டாம்" என்றதை "வேண்டும்" என்று மாற்ற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன், உன் சூசை இருக்கிறாரே?" என்று கேட்டார்.

"கால்ல ஆணி சாமி."

"போன மாசம் ரத்தக்கொதிப்பு என்றாயே?"

"அதுவும் கீது சாமி."

அவர் எழுதிக் கொடுத்தார். விமானத் தபாலில் போட்டேன். அன்று முதல் தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதெல்லாம் நான் வாசலில் நிற்கிறேன். நீ இருந்தவரை, ஏன் நிற்கிறேன் என்று கேட்டபோதெல்லாம் துறைமுகத்திலிருந்து ஒரு காகிதம் வரவேண்டும் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றுவரை பதில் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் இடமில்லை என்று விட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் உன்னை சென்ட்ரலில் ரயிலேற்றினோம். வண்டி நகரப் போகிறபோது உன் அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக உன்னிடம் நீட்டினாள். "சூசை அண்ணனுக்கு ஒரு வேட்டிடா. எறங்குனதும் மொத வேலையா அவர் கையில குடு. நம்ம கையாலயும் ஒண்ணு செய்யணும் இல்ல?" நீ அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி மறைகிறவரை என்னால் கையைக்கூட ஆட்ட முடியவில்லை. புதன்கிழமைதோறும் அவள் கோயிலில் சூசையின் காலுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாள், உனக்குத் தெரியுமா? உன்னை அனுப்பிவிட்டு அவள் தைரியமாக இருக்கிறாள் என்றால் அங்கே அவன் இருக்கிறான் என்பதால்தான்.

நேற்று மறுபடி சாமியாரிடம் போனேன். தந்தி வாசகம் கேட்டேன். அவர் எழுதிவிட்டுத் தாளைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"பையன் கொடுப்பானா?"

"நான் சொன்னா குடுப்பான் சாமி."

"ஏன் என்று கேட்டால்?"

"கால் வீக்கம்னு சொல்லுவேன்."

"கால் வீங்கினவர் வீட்டிலேதானே இருப்பார்? தந்திக்குப் பதில் வராவிட்டால் பையன் நேராக அந்த விலாசத்தைத் தேடிப் போவானே. பனியில், கையில் பெட்டியோடு. அதை யோசித்தாயா?"

யோசிக்கவில்லை. அருளு, சத்தியமாக அதை நான் யோசிக்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து யோசித்தபோது நீ போவதே தெரிந்தது. குண்டு துளைத்த கோட்டோடு, டைமண்டு போட்ட பெட்டியை இழுத்துக்கொண்டு, ஒரு தெருவில் நின்று கதவு தட்டுகிறாய். உள்ளே யாரோ விளக்கைப் போடுகிறார்கள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. சாமியார் தாளைக் கொடுத்துவிட்டு, "காரணத்தையும் எழுது" என்று மட்டும் சொன்னார். அதை எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். இவ்வளவு பக்கம் சுற்றிவிட்டேன். மேலே கால் வீக்கம் என்றும் கம்பெனி என்றும் எழுதியிருக்கிறேன், அடிக்கவில்லை, நான் எப்படிப்பட்டவன் என்று நீ பார்த்துக்கொள்.

உன் அப்பா கப்பல் அடித்தளத்தில் விழுந்து செத்துப்போனபோது உனக்கு எட்டு வயசு. அதற்குப் பிறகு நீ துறைமுகம் பக்கம் வரமாட்டாய். கப்பல் ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். ராயபுரத்தில் இருந்துகொண்டு கப்பல் சத்தம் கேட்காமல் எப்படி வாழ்வது? உன் அம்மா ஊரை விட்டே போய்விடலாம் என்றாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சரக்குச் சீட்டு ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இன்னிக்கி கப்பல்ல எனக்கு லெட்டர் வந்துகீது" என்றேன். தலையை நீட்டி, "யாரு போட்டது?" என்று கேட்டாய். சூசை என்று வாயில் வந்தது. ஒரே ஒரு கடிதம் போதும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீயே கப்பல் ஊதினதும் வாசலுக்கு ஓடிவந்து, லெட்டர் வந்ததா என்று கேட்டாய்.

பிறகு எங்கே நிறுத்துவது? சூசையின் கிறுக்கல் எனக்கு மட்டும்தான் புரியும் என்று சொல்லி ஒரு கடிதத்தையும் உன் கையில் தரவில்லை. நீ அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தாய். தபாலில் போடுகிறேன் என்று நான் வாங்கிக்கொண்டுபோன அத்தனை கடிதமும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. நீ எஞ்சினைப் பற்றி அவனிடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல, நான் கப்பல் எஞ்சின்காரர்களுக்குப் பீடி வாங்கிக் கொடுத்து விஷயம் கேட்டு வந்தேன். அந்த விஷயமெல்லாம் அசல். நீ படித்ததும் பாஸானதும் இடம் வாங்கினதும் உன் மூளை. அதில் என் கை இல்லை.

இதைத் தபாலில் போடுவதற்கு முன் உன் அம்மாவை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டப் போகிறேன். அவள் என்ன சொல்வாளோ தெரியாது. அது என் பாடு. நீ வார்டனின் பதிலுக்குக் காத்திரு. கப்பல் புறப்படுவதற்குள் வராவிட்டாலும் பயப்படாதே, கப்பலிலும் தந்தி வாங்குவார்கள், இன்னொன்று கொடு. அதுவும் இல்லையென்றால் இறங்கினதும் அதிகாரியிடம் காலேஜ் கடிதத்தைக் காட்டி, எனக்கு இங்கே யாரும் இல்லை என்று சொல். அதைச் சொல்வதில் மரியாதை ஒன்றும் கெட்டுவிடாது.

அருளு, சூசை என்று எனக்கு ஒரு தோஸ்து கிடையாது. எந்நாளும் இருந்ததில்லை. போன மாதம் நீ அவன் விலாசம் கேட்டபோது நாளைக்குத் தருகிறேன் என்றேன். மறுநாள் சரக்குக் கொட்டகையில் ஓர் எந்திரப் பெட்டி வந்து இறங்கியது. அதை அனுப்பினவர்களின் விலாசம் பக்கவாட்டில் கறுப்பு மையில் இருந்தது, கடைசி வரி லண்டன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு வந்தேன். உன் சட்டைப்பையில் இருப்பது அதுதான். அங்கே போகாதே.

உன் மாமன்